அந்தூரியம் ஏன் பூக்கவில்லை?

"இலை நல்லாய்த்தான் போடுது. பூவைத்தான் காணேல்லை." கண்டியில் பூங்கன்று வளர்க்கும் பெண்கள் இருவர் சந்தித்தால், சுகம் விசாரித்து முடிந்தவுடன் பெரும்பாலும் இந்தப் பேச்சுத்தான் வரும். பூங்கன்று என்றால் இங்கே முதலில் அந்தூரியம். கட்டுகஸ்தோட்டை, பேராதனை, அம்பிட்டிய என்று எந்தப் பக்கம் போனாலும் விறாந்தையிலோ கூரை விளிம்பின் கீழோ நாலு அந்தூரியச் சாடிகளைக் காணலாம். பூத்தால் அந்தப் பூ செடியிலேயே ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும். வெட்டித் தண்ணீரில் வைத்தாலும் இரண்டு கிழமைக்கு வாடாது. அதனால்தான் அதன்மேல் இவ்வளவு ஆசை. பூக்காவிட்டால் ஏமாற்றமும் அதே அளவுதான்.

இந்த இதழை வாசிக்கும் சகோதரிகளில் பலர் யுத்தத்தால் பல தடவை இடம்பெயர்ந்தவர்கள். சொந்த வளவில் மாவும் பலாவும் தென்னையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு இன்று வாடகை அறையின் வாசற்படிதான் தோட்டம். வேறொருவர் காணியில் மரம் நடமுடியாது. நட்டாலும் அது காய்க்கும்போது நாம் அங்கே இருப்போமா என்று சொல்லமுடியாது. சாடியில் இருக்கும் கன்றை வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகலாம். பூங்கன்று வளர்ப்பது வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை.

குசினிக் கழிவிலும் மாட்டெருவிலும் காசில்லாமல் செய்யக்கூடிய பசளைகளைப் பற்றி எழுதும்படி கேட்டிருந்தார்கள். எழுதத்தான் போகிறேன். ஆனால் பசளை மூன்றாவது விஷயம். முதலாவது வெளிச்சம், இரண்டாவது வேர். இந்த இரண்டும் சரியில்லாத செடிக்குப் பாலை ஊற்றினாலும் தேனை ஊற்றினாலும் அது பூக்கப்போவதில்லை.

காட்டு மரத்தின் கீழிருந்து வந்த செடி

அந்தூரியம் எங்கள் நாட்டுச் செடி அல்ல. பிரெஞ்சுத் தாவரவியலாளர் எட்வார் அன்ட்ரே 1876இல் தென்னமெரிக்காவின் கொலம்பியாவில் அதைச் சேகரித்து ஐரோப்பாவுக்குக் கொண்டு சேர்த்தார். 1889இல் லண்டனிலிருந்து ஹவாய்த் தீவுகளுக்குப் போய், அங்கே பெரிய பூ வியாபாரமாக வளர்ந்தது. அதன் பிறந்த இடம் மலைப்பாங்கான மழைக்காடு. பெரிய மரங்களின் நிழலில், மரத்தண்டில் ஒட்டிக்கொண்டும் உக்கிய இலைச்சருகில் வேர் பரப்பியும் வாழும். நேர் வெயில் அதன்மேல் விழாது, ஆனால் இலைகளுக்கிடையால் வெளிச்சம் வந்துகொண்டிருக்கும். மழை அடிக்கடி பெய்யும், ஆனால் வேரில் தண்ணீர் தங்காது.

இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடும் வெக்கையும் இல்லை, நுவரெலியா போலக் கடும் குளிரும் இல்லை. காற்றில் ஈரம் உண்டு. அந்தூரியத்துக்கு இதைவிட நல்ல ஊர் இலங்கையில் அதிகம் இல்லை. அப்படியிருந்தும் பூக்கவில்லை என்றால், குறை ஊரில் இல்லை, சாடி வைத்த இடத்தில் இருக்கிறது.

வசதி கிடைத்தால் பேராதனைப் பூங்காவுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். 1821இல் அலெக்ஸாண்டர் மூன் என்பவர் தொடங்கிய பூங்கா அது. 147 ஏக்கர். மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்து ஓடுகிறது. (இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1944இல், மவுண்ட்பேட்டன் பிரபு தன் படைத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்து இந்தப் பூங்காவில்தான் அமைத்தார். அந்த மரங்களுக்கு நடுவே யுத்தத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள் என்று இன்று அங்கே போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?) அங்கே ஓர்கிட் வீட்டுக்குள் போனால் பூவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். மேலே பாருங்கள், கூரையால் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று. சாடிக்குள் பாருங்கள், மண் இருக்கிறதா, கரியும் தும்பும் இருக்கிறதா என்று. அந்த இரண்டையும் பார்த்தால் போன காசுக்குப் பலன் வந்துவிடும்.

ஓர் இலைக்கு ஒரு பூ

நாம் அந்தூரியப் பூ என்று சொல்லும் சிவப்புத் தட்டு உண்மையில் பூ அல்ல. தென்னம்பாளை போல அதுவும் ஒரு பாளை, அதாவது நிறம் மாறிய இலை. நடுவில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் திரியில்தான் உண்மையான பூக்கள் இருக்கின்றன. அவை ஊசிமுனை அளவு.

வளர்ந்த அந்தூரியத்தில் ஒவ்வொரு புதிய இலையின் அடியிலும் ஒரு மொட்டு இருக்கும். ஓர் இலைக்கு ஒரு பூ என்பதுதான் கணக்கு. நன்றாகப் பராமரித்த செடி ஆண்டுக்கு ஆறு தொடக்கம் எட்டு இலை வரை போடும், எனவே அத்தனை பூவும் தரும். இலை வருகிறது, பூ வரவில்லை என்றால் மொட்டு உள்ளேயே காய்ந்து போகிறது என்று அர்த்தம். செடிக்கு இலை வளர்க்கச் சக்தி இருக்கிறது, மொட்டை விரிக்கப் போதவில்லை. அந்தச் சக்தி பசளையிலிருந்து வருவதில்லை, வெளிச்சத்திலிருந்துதான் வருகிறது.

எங்கள் அயலில் ஓர் அக்கா இருக்கிறார். முல்லைத்தீவுப் பக்கம். 2009க்குப் பிறகு காயப்பட்ட மகனின் வைத்தியத்துக்காகக் கண்டிக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டார். யாரோ கொடுத்த அந்தூரியக் கன்றொன்றை மூன்று வருடமாக வளர்த்தார். ஒரு பூவும் இல்லை. கடையில் "பூக்க வைக்கும் மருந்து" என்று சொல்லி விற்ற போத்தல்களைக் கடனுக்கு வாங்கி ஊற்றியிருந்தார். ஒருநாள் என்னிடம், "தங்கச்சி, இது மலட்டுச் செடி போல. எறிஞ்சு போடுவம் எண்டு பாக்கிறன்" என்றார். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. பெண்களுக்குச் சொல்லிப் புண்படுத்தியது போதாதென்று செடிக்கும் சொல்கிறோம். "எறியுறதுக்கு முதல் ஒருக்கா எனக்குக் காட்டுங்கோ அக்கா" என்று போனேன்.

கண்டியில் சரிவை வெட்டிக் கட்டிய வீடுகள் அதிகம். ஒரு பக்கம் ரோட்டு, மறுபக்கம் மண்சுவர். அக்காவின் அறை மண்சுவர்ப் பக்கம். செடி கதவுக்குப் பின்னால், ஒரு பெயின்ற் வாளிக்குள் இருந்தது. இலைகள் கரும்பச்சை. பார்ப்பவர் "என்ன செழிப்பு!" என்பார்கள். ஆனால் இலைக்காம்புகள் நீண்டு, வெளிச்சம் வரும் பக்கமாகச் சாய்ந்திருந்தன. இருட்டில் இருக்கும் செடியின் அடையாளம் அதுதான். இலை அதிகம் கறுத்து, காம்பு நீண்டால் வெளிச்சம் போதாது. இலை வெளிறி மஞ்சளித்து, நடுவில் காய்ந்த திட்டு விழுந்தால் வெளிச்சம் கூடிவிட்டது. இரண்டுக்கும் இடைப்பட்ட இளம்பச்சைதான் வேண்டும்.

வெளிச்சம் அளக்கக் கருவி தேவையில்லை. பகல் பதினொரு மணிபோல் செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கடதாசியை வைத்து, அதற்கு ஓரடி மேலே கையைப் பிடியுங்கள். நிழல் கன்னங்கரேல் என்று வெட்டினாற்போல் விழுந்தால் வெயில் கூட. நிழலே தெரியாவிட்டால் இருட்டு. விரல்கள் மங்கலாகத் தெரிந்தால் அதுதான் அந்தூரியத்தின் இடம். வெயிலில் நாலில் மூன்று பங்கை மறைத்து, ஒரு பங்கை விடவேண்டும். கிழக்குப் பார்த்த விறாந்தை, மரநிழல், கடையில் விற்கும் கறுப்பு நிழல் வலை, அதுவும் இல்லையென்றால் தென்னோலைக் கிடுகு. கிடுகு பின்னத் தெரிந்தவர்கள் எங்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள்!

வேருக்குக் காற்று

வாளியைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடியில் ஓட்டை இரண்டுதான், அதுவும் அடைபட்டிருந்தது. உள்ளே சிவப்புக் களிமண். வேர்கள் பாதி கபிலமாகி, நசுக்கினால் தோல் கழன்று வந்தது. நல்ல அந்தூரிய வேர் வெள்ளையாக, பென்சில் போலத் திரண்டிருக்கும். அழுகிய வேர் எந்தப் பசளையையும் உறிஞ்சாது. ஊற்றியதெல்லாம் மண்ணுக்குள் உப்பாகச் சேர்ந்திருந்தது. இலை நுனி கருகியிருந்ததற்கு அதுதான் காரணம்.

அந்தூரியத்துக்கு மண் என்பதே பெரிதாகத் தேவையில்லை. பிடித்து நிற்க ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். ஜோர்தானில் 2012இல் தொடங்கிய சாத்தாரி அகதி முகாமில், சிரியாவிலிருந்து வந்தவர்கள் எறிந்த மெத்தைப் பஞ்சில் மரக்கறியும் புதினாவும் வளர்த்தார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தவர் அதற்குத் துணைநின்றார்கள். பாலைவனத்தில் அவர்களுக்கு மெத்தைப் பஞ்சு, எங்களுக்குத் தேங்காய்ப் பொச்சு.

பொச்சு மட்டையை ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். பச்சை மட்டையில் கயர் உண்டு. அப்படியே போட்டால் வேரைச் சுடும். ஒரு கிழமைக்கு ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை தண்ணீரை மாற்றி, தண்ணீர் தெளிந்த பிறகு எடுங்கள். அதில் இரண்டு பங்கு, உடைத்த செங்கல் அல்லது ஓட்டுத்துண்டு ஒரு பங்கு, அடுப்புக்கரி ஒரு பங்கு, நன்கு உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு. நெல்லாலை பக்கத்தில் இருந்தால் உமிக்கரியும் சேர்க்கலாம். சாடியின் அடியில் ஓட்டைகள் தாராளமாக இருக்கவேண்டும். நட்டால் தண்டின் கழுத்து வெளியே தெரியவேண்டும், புதைக்கக்கூடாது. தண்ணீர் ஊற்றினால் அரை நிமிடத்துக்குள் கீழால் வழியவேண்டும். வழியாமல் மேலே தேங்கி நின்றால் கலவையைத் திரும்பவும் செய்யுங்கள்.

பக்கக் கன்றுகளையும் பாருங்கள். தாய்ச்செடியைச் சுற்றி ஐந்தாறு குட்டிகள் நெருங்கினால் ஒன்றும் பூக்காது. இரண்டு மூன்று வேர் விட்ட குட்டியைப் பிரித்துத் தனிச்சாடியில் வையுங்கள். அக்காவின் வாளிக்குள் நாலு குட்டி இருந்தது. அழுகிய வேரைச் சுத்தமான கத்தியால் வெட்டி, கரித்தூள் தடவி, தாயை ஒரு சாடியிலும் குட்டிகளைத் தயிர்ச்சட்டிகளிலும் வைத்தோம். தயிர்ச்சட்டி கண்டியில் சும்மா கிடைக்கும், அடியில் ஆணியால் மெதுவாகத் தட்டி ஓட்டை போட்டால் அருமையான சாடி. ஏழாம் மாதம் தாயில் முதல் பூ வந்தது. வெளிர் சிவப்பு, உள்ளங்கை அளவு. மூன்று வருடமாக அது என்ன நிறம் என்றே அக்காவுக்குத் தெரியாதிருந்தது.

இனிப் பசளை

2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது நினைவிருக்கும். நவம்பரில் தடையை நீக்கினாலும், அடுத்த வருடப் பொருளாதார நெருக்கடியில் பசளை விலை கைக்கெட்டாமல் போய்விட்டது. அந்த நாட்களில் நெற்செய்கையும் தேயிலையும் பட்ட பாடு பெரியது. ஒரு தேசத்தின் வயலை ஒரே இரவில் சேதனப் பசளைக்கு மாற்றமுடியாது. ஆனால் பத்துச் சாடிக்கு முடியும்.

மாட்டெருக் கரைசல் எல்லாவற்றிலும் நம்பகமானது. ஒரு கிலோ பச்சைச் சாணத்தைப் பத்து லீற்றர் தண்ணீரில் கரைத்து, நிழலில், சாக்கால் மூடி வையுங்கள். நாளுக்கு ஒரு தடவை தடியால் கலக்குங்கள். பத்து நாளில் கடும் மணம் குறையும். பழைய துணியில் வடித்து, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேருங்கள். வெறுந்தேத்தண்ணியின் நிறத்துக்கு வந்தால் அளவு சரி. சாயம் கடுமையாக இருந்தால் இன்னும் தண்ணீர் விடுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருக்கா, ஒரு சாடிக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு, வேரடியில். இலையில் படக்கூடாது. காய்ந்த சாடிக்கு ஊற்றாதீர்கள், முதலில் வெறும் தண்ணீர் விட்டு நனைத்து, பிறகு கரைசல்.

மாடு இல்லாத இடத்தில் கிளிசரிடியா இலை உதவும். கண்டிப் பக்கம் வேலியெல்லாம் அதுதான். இலையை நறுக்கி, ஒரு கிலோவுக்குப் பத்து லீற்றர் தண்ணீர், இரண்டு கிழமை ஊறல், அதே ஒன்றுக்குப் பத்துக் கலப்பு. அதில் நைதரசன் அதிகம், இலை நன்றாக வரும். அதனாலேயே அதை மட்டும் தொடர்ந்து ஊற்றக்கூடாது. நைதரசன் கூடினால் செடி இலையில் மயங்கிப் பூவை மறந்துவிடும். பிள்ளைகள் கை வைக்காமல் வாளியை மூடி வையுங்கள்.

பூவுக்கும் தண்டின் உறுதிக்கும் பொட்டாசியம் வேண்டும். வாழைப்பழத் தோலில் அது உண்டு. தோலைத் தண்ணீரில் ஊறவைத்து ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாம், ஆனால் பழ ஈ மொய்க்கும். நான் தோலைச் சிறிதாக நறுக்கிக் காயவைத்துக் கூட்டெருவில் போடுகிறேன். விறகுச் சாம்பலிலும் பொட்டாசியம் உண்டு, ஆனால் அது காரத்தன்மையானது. அந்தூரியத்துக்குச் சற்றுப் புளிப்பான வேர்ச்சூழல்தான் பிடிக்கும். சாம்பலைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அரிசி கழுவிய தண்ணீர் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அதில் சத்து உண்டு, ஆனால் கொஞ்சம்தான். கழுவிய அன்றே, கிழமைக்கு ஒருக்கா ஊற்றினால் பாதகமில்லை. மூன்று நாள் வைத்துப் புளிக்கவிட்டு ஊற்றினால் எறும்பும் சிறு பூச்சியும்தான் மிச்சம். தேயிலைச் சக்கையும் அப்படித்தான். பாலும் சீனியும் சேராத வெறும் சக்கையென்றால் கூட்டெருவுக்கு நல்லது, சாடியின் மேல் தடிப்பாகப் பரப்பினால் பூஞ்சணம் பிடிக்கும். மீன் கழுவிய தண்ணீரில் சத்து நிறைய உண்டு, ஆனால் பக்கத்து வீட்டுப் பூனைகள் அன்றிரவே சாடியைப் புரட்டிவிடும்.

முட்டைக்கோதைக் கையால் நொருக்கிச் சாடியின் மேல் தூவுவது அலங்காரம். அது கரைய வருடக்கணக்காகும். கல்சியம் செடிக்குக் கிடைக்கவேண்டுமென்றால் கோதைக் காயவைத்து, அம்மியில் மாப்போல் அரைத்து, கூட்டெருவில் கலக்கவேண்டும். அவ்வளவு மினக்கெட நேரமில்லாவிட்டால் விட்டுவிடுங்கள், குடிமுழுகாது.

எந்தப் பசளை போட்டாலும் மாதத்துக்கு ஒருக்கா வெறும் தண்ணீரைக் கீழால் நன்றாக வழியும்வரை ஊற்றிச் சாடியைக் கழுவிவிடுங்கள். மழைத்தண்ணீர் என்றால் இன்னும் நல்லது. ஒக்டோபர், நவம்பரில் கண்டியில் மழை அடித்து ஊற்றும்போது பசளையை நிறுத்தலாம், போட்டாலும் கழுவுண்டு போகும். ஜனவரி தொடக்கம் மார்ச் வரை காற்று காய்ந்திருக்கும். அப்போது காலையில் சாடிகளைச் சுற்றி நிலத்தை நனைத்துவிடுங்கள். அந்த மாதங்களில் பூ குறைவது வழமை, பயந்து பசளையைக் கூட்டாதீர்கள்.

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்களுக்கு

கிளிநொச்சியிலும் மன்னாரிலும் அந்தூரியம் வளர்க்கமுடியாது என்று சொல்லமாட்டேன். கிணற்றடி ஈரமும் அடர்ந்த மரநிழலும் இருந்தால் வரும். ஆனால் அந்த வெக்கையில் அதற்குத் தண்ணீர் சுமப்பதைவிட, அந்த மண்ணை விரும்பும் கன்றை வைப்பது புத்தி. போகன்வில்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது பிரேசில் பக்கத்துச் செடி. அந்தூரியத்துக்குச் சொன்னதையெல்லாம் தலைகீழாக்கினால் போகன்வில்லா பூக்கும். நாள் முழுக்க வெயில், இறுக்கமான சாடி, குறைந்த தண்ணீர், அதைவிடக் குறைந்த பசளை. இலை வாடத் தொடங்கும்வரை தண்ணீரை நிறுத்தி, பிறகு ஊற்றினால் நிறமாகக் கொட்டும். அன்போடு தினமும் தண்ணீர் ஊற்றினால் முள்ளும் இலையுமாகத்தான் வளரும். அடீனியமும் அப்படித்தான், அதன் பால் நஞ்சு, கவனம்.

ஆபிரிக்க வயலற் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: அது தன்சானியாவின் மலைக்காட்டில் பாறை இடுக்கில் வாழ்வது. யன்னலோரம், சின்னச் சாடி, இலையில் தண்ணீர் படாமல் தட்டில் ஊற்றிக் கீழால் குடிக்க விடுங்கள். பெரிய சாடிக்கு மாற்றினால் பூ நின்றுவிடும்.

விற்பதற்கு முதல்

முதல் பூ வந்த சந்தோசத்தில் எங்கள் அக்கா ஐம்பது கன்று வாங்கக் கடன் எடுக்கப்போவதாகச் சொன்னார். இரண்டு பின்னேரம் இருந்து கதைத்தோம். வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடனால் பெண்கள் பட்ட பாடு தெரியாதவர்கள் எங்களில் இல்லை. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை அரசாங்கமே பொறுப்பெடுக்கும் அளவுக்கு அது வந்தது. அந்தூரியத்தில் காசு வரும், ஆனால் மெதுவாக வரும். குட்டிக் கன்று பூக்க ஒரு வருடமாவது வேண்டும். கடன்காரர் அடுத்த கிழமையே வாசலில் நிற்பார். கன்று கன்றாகப் பிரித்துப் பெருக்குவது என்று அக்கா முடிவெடுத்தார். இன்று அவரிடம் இருபத்தாறு சாடி இருக்கிறது. எல்லாம் அந்த வாளியிலிருந்து வந்தவை அல்ல, கன்றுக்குக் கன்று மாற்றியும் சேர்த்தார். கலியாண வீடுகளுக்கு மேடை அலங்கரிக்கும் ஒருவர் வந்து பூ வாங்குகிறார். வீட்டு வாடகைக்குக் காணாது. மகனின் மருந்துக்கும் பஸ் காசுக்கும் காணும் என்கிறார்.

விற்கிறவர்கள் இரண்டு விஷயம் கவனிக்கவேண்டும். பூவை விரிந்தவுடன் வெட்டாதீர்கள், சீக்கிரம் வாடும். நடுத்திரி அடியிலிருந்து மேல்நோக்கிச் சொரசொரப்பாகி நிறம் மாறிக்கொண்டு வரும். நாலில் மூன்று பங்கு மாறியதும் காலையில் வெட்டி, உடனே தண்ணீரில் வையுங்கள். இரண்டாவது நோய். இலை விளிம்பில் தண்ணீரில் ஊறினது போன்ற புள்ளி தோன்றி, சுற்றி மஞ்சள் வளையம் போட்டுப் பரவினால் அது பற்றீரியா வெளிறல் நோயாக இருக்கலாம். 1980களில் ஹவாயில் எத்தனையோ சிறு தோட்டக்காரரை அது தொழிலை விட்டே அனுப்பியது. வீட்டு மருந்து எதுவும் அதற்குக் கேட்காது. செடியைத் தனியே எடுத்து, நோய் தண்டுக்கு இறங்கியிருந்தால் எரித்துவிடுங்கள். கத்தியை ஒவ்வொரு செடிக்குப் பிறகும் கொதிநீரில் கழுவுங்கள். புதிதாக வாங்கும் கன்றை ஒரு மாதம் மற்றவற்றோடு சேர்க்காமல் வையுங்கள். சந்தேகம் இருந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்குத் தொலைபேசியில் கேட்கலாம்.

வீட்டில் தவழும் குழந்தையோ ஆடோ இருந்தால் சாடியை உயரத்தில் வையுங்கள். அந்தூரிய இலையைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும்.

உங்கள் செடி பூக்கவில்லை என்று எழுதும் சகோதரிகள் கடிதத்தில் நாலு விபரம் சேர்த்து எழுதுங்கள்: இலையின் நிறம் என்ன, பகல் பதினொரு மணிக்குக் கையின் நிழல் எப்படி விழுகிறது, சாடிக்குள் என்ன நிரப்பியிருக்கிறீர்கள், கடைசியாக ஊற்றியது என்ன, எப்போது. முடிந்தால் கடைசியாக வந்த இலையை ஒரு கடதாசியில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறி அனுப்புங்கள். காம்பின் நீளத்தையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.